கட்டவிழ்க்கும் கரங்கள்

வேதபாகம்: யோவான் 11:38–44, யோவான் 5:1–9



பெத்தானியாவிலே லாசருவின் கல்லறைக்கு முன்பாக நடந்த காரியத்தைக் குறித்துப் பிரசங்கம் கேட்காதவர்கள் நம்மில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். மரித்து நாலு நாளானவனை ஆண்டவர் பேர்சொல்லிக் கூப்பிட்டார்; அவன் வெளியே வந்தான். அடக்க ஆராதனைகளில் நாங்களும் இந்தப் பகுதியை எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். ஆனால் பிரசங்கிக்கிறவர் பெரும்பாலும் அவன் வெளியே வந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுகிறார். அதற்குப் பின்னும் ஒரு காரியம் உண்டு. உயிரோடு வந்தவனால் நடக்கக் கூடவில்லை. கைகால்களில் பிரேதச் சீலை சுற்றியிருந்தது. முகத்தையும் துணியால் மூடிக் கட்டியிருந்தார்கள். உயிரைக் கொடுத்தவர் அந்தச் சீலைகளையும் ஒரே வார்த்தையினால் விழப்பண்ணியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் அந்த வேலையைச் சுற்றி நின்றவர்களிடத்தில் ஒப்புவித்தார். அவர்கள் கிட்டப் போகவேண்டியிருந்தது, நாற்றத்தைச் சகிக்கவேண்டியிருந்தது, ஒரு பிரேதத்தைத் தொட்டவர்களைப்போல் தங்கள் கைகளினால் முடிச்சு முடிச்சாக அவிழ்க்கவேண்டியிருந்தது.

பீடி, சிகரெட் பழக்கத்தை விடுவதைக் குறித்து ஒரு பாடம் எழுதும்படி கேட்கப்பட்டபோது எங்களுக்கு இந்தச் சீலைகளே நினைவுக்கு வந்தன.

எழுப்புதல் கூட்டங்களில் சாட்சி சொல்லும் சகோதரர்கள் சிலர், தாங்கள் மனந்திரும்பின அந்த இரவிலேயே பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் தூக்கி எறிந்ததாகவும், அதற்குப் பின் அந்த இச்சையே வரவில்லையென்றும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவை உண்மையான சாட்சிகள். அவர்களில் சிலரை நாங்கள் நேரிலே அறிவோம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் அதே கூட்டத்தின் கடைசி வரிசையில், சட்டைப் பைக்குள் பீடிக்கட்டோடு உட்கார்ந்திருக்கிற ஒருவர் உண்டு. அவரும் ஜெபித்தார். அவரும் எறிந்தார், ஒருமுறையல்ல, ஏழெட்டுமுறை. மூன்றாம் நாள் மறுபடியும் கடைக்குப் போனார். மற்றவருடைய சாட்சியைக் கேட்கும்போதெல்லாம் அவர் உள்ளத்தில் எழும்புகிறது என்ன? "தேவன் அவனுக்குச் செய்தார், எனக்குச் செய்யவில்லை; என் விசுவாசம் விசுவாசமே அல்ல" என்பதுதான். நாளடைவில் அவர் கூட்டத்துக்கே வருகிறதில்லை. இந்தப் பாடத்தை முக்கியமாய் அவருக்காகவும், அவரைச் சுற்றி நிற்கிற நமக்காகவும் எழுதுகிறோம்.

அவிழ்க்கப் போகிறவனுக்குக் கட்டு இன்னதென்று தெரியவேண்டும். புகையிலையில் உள்ள நிகோட்டின் என்னும் பொருள், புகையை உள்ளே இழுத்த பத்து இருபது விநாடிக்குள் மூளையை எட்டிவிடுகிறது. அங்கே சிறிது இன்பத்தையும் ஒரு தெளிவையும் உண்டாக்குகிறது. ஏறக்குறைய 2 மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள அதின் அளவு பாதியாகக் குறைந்துபோக, மூளை மறுபடியும் கேட்கிறது. இப்படியே கொடுத்துக் கொடுத்து வளர்க்க, நிகோட்டினை வாங்கிக்கொள்ளும் இடங்கள் மூளையிலே பெருகிவிடுகின்றன. அதற்குப் பின் அந்த மனிதன் இன்பத்துக்காகப் புகைக்கிறதில்லை. இல்லாதபோது வரும் வேதனையை ஆற்றிக்கொள்ளவே புகைக்கிறான். "ஒரு பீடி குடிச்சா டென்ஷன் குறையுது" என்று சொல்லுகிறார்களே, அந்த டென்ஷனில் பெரும்பங்கு முந்தின பீடி விட்டுப்போன டென்ஷன்தான்.

ஆகையால், மனவுறுதி இல்லாதவன், சோம்பேறி, பெலவீனன் என்று அவரைப் பேசுகிறதில் நியாயம் இல்லை. ஒருவருடைய உதவியுமின்றித் தாமாகவே விட முயலுகிறவர்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 4 பேர்தான் நிலைத்து நிற்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. தேர்ந்தவர்களுடைய ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் அந்த வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் அதிகமாகிறது. விட மனமில்லாதவர்களே அதிகம் என்று நாம் நினைக்கிறோம்; அதுவும் சரியல்ல. 2016–17இல் நம் தேசத்தில் எடுத்த கணக்கெடுப்பின்படி 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 100க்கு 10.7 பேர் புகைக்கிறவர்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விடவேண்டுமென்று நினைத்துக்கொண்டோ திட்டமிட்டுக்கொண்டோதான் இருந்தார்கள். உள்ளே விருப்பம் இருக்கிறது. வெளியே ஆள் இல்லை.

பெதஸ்தா குளத்தண்டையில் 38 வருஷம் வியாதியாய்க் கிடந்தவனிடத்தில் ஆண்டவர், சுகமாக உனக்கு மனதுண்டா என்ற கருத்தில் கேட்டார். அவன் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தன்னைத் தூக்கிக் குளத்தில் விட ஒருவரும் இல்லாததையே சொன்னான். இதைச் சாக்குப்போக்கு என்று வியாக்கியானம் பண்ணுகிறவர்கள் உண்டு. வார்டுகளில் முப்பது வருஷத்துக்கு மேல் படுக்கை படுக்கையாய்ப் போய் வந்த எங்களுக்கு அது சாக்காகத் தோன்றுகிறதில்லை. நோயாளி உண்மையைத்தான் சொன்னான்.

இனி, பீடியைக் குறித்து ஒரு வார்த்தை. தாமிரபரணிக் கரையிலும் தென்காசிப் பக்கத்திலும் இருந்து வருகிறவர்களில் அநேகர், "சிகரெட்டுதான் ஐயா கெடுதல், பீடி வெறும் இலைதானே" என்கிறார்கள். மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வரும் தெண்டு இலையில் சுற்றுவதனால் அது பச்சிலை மருந்தாகிவிடாது. அந்த இலை காகிதத்தைப்போல் காற்றை விடாது. அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துபோகும். ஆகவே பீடி குடிக்கிறவர் சிகரெட் பிடிக்கிறவரைவிட அதிக முறை, அதிக ஆழமாய் இழுக்கிறார். உள்ளே இருக்கிற தூள் கொஞ்சம்தான், ஆனால் நிகோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்ததல்ல, பலமுறை அதிகம். மேற்சொன்ன கணக்கெடுப்பில் சிகரெட் பிடித்தவர்கள் 100க்கு 4 பேர். பீடி குடித்தவர்கள் 7.7 பேர். நம் தேசத்தின் புகை பெரும்பாலும் பீடிப்புகைதான்.

அந்தப் பீடியினால் வரும் ஒரு வியாதியை எங்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் அடிக்கடி காண்கிறோம். 1908இல் நியூயார்க்கில் லியோ பர்கர் என்ற மருத்துவர் விவரித்து எழுதினதால் அதற்குப் பர்கர் நோய் என்று பேர். கைகால்களின் சிறு இரத்தக் குழாய்கள் அழன்று அடைத்துக்கொள்ளும். விரல் நுனி கறுக்கும், அழுகும், எடுக்கவேண்டிவரும். வருகிறவர்கள் கிழவர்கள் அல்ல. முப்பது, நாற்பது வயதுள்ள, குடும்பத்தைத் தாங்குகிற ஆண்கள். புகையிலையைத் தொடாதவனுக்கு இது வருகிறது மிக அரிது. இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: சதை அழுகத் தொடங்குமுன் புகையிலையை முழுவதுமாய் விட்டவர்கள் பெரும்பாலும் காலை இழக்கிறதில்லை. ஆனால் முழுவதுமாய் விடவேண்டும். "ரெண்டாக் குறைச்சிட்டேன்" என்பது இந்த வியாதியிடத்தில் செல்லாது.

அப்படி வந்த ஒருவர் கொத்தனார், 42 வயது. வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தாயிற்று. இடது பெருவிரலிலும் வலி தொடங்கிவிட்டது. படுத்தால் வலி கூடும் என்பதனால் இராமுழுவதும் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார். விட்டுவிட்டேன் என்று மருத்துவரிடம் சொல்லியிருந்தார். தலையணை உறை மாற்றப்போன நர்ஸ் கையில் நாலு பீடி அகப்பட்டது. எங்களைக் கூப்பிட்டு, "ஐயா, கொஞ்சம் புத்தி சொல்லுங்கள்" என்றார்கள். புத்தி அவருக்கு ஏற்கனவே போதுமான அளவு சொல்லியிருந்தது. நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது முதல் பழக்கம், யாருக்கெல்லாம் தெரியும் என்றுமாத்திரம் கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்து சொன்னார்:

"வீட்ல அவளுக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது ஐயா. கோயில்ல காணிக்கைப் பை எடுக்கேன், கமிட்டியில இருக்கேன். பதினஞ்சு வருஷமா வயக்காட்டுப் பக்கம் போய்த்தான் குடிக்கேன். இப்போ விடணும்னா, இத்தனை நாளா குடிச்சேன்னு முதல்ல சொல்லணும்லா? அதுக்குத்தான் பயமா இருக்கு."

காலைக் குறித்து இருந்த பயத்தைவிட அந்தப் பயம் பெரிதாயிருந்தது. பிரியமானவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். தைரியம் என்று நாம் சொல்லும்போது, பீடிக்கட்டைக் கசக்கி எறிகிற தைரியத்தையே நினைக்கிறோம். அந்தத் தைரியம் அவருக்கு இருந்தது. வருஷத்துக்கு இரண்டுமுறை எறிந்திருக்கிறார். இல்லாத தைரியம் வாய் திறக்கிற தைரியம். அது அவருக்கு இல்லாமற்போனதற்கு அவர்மாத்திரம் காரணமா? ஒரு சபையிலே கமிட்டி அங்கத்தினர் ஒருவர் பீடி குடிக்கிறார் என்று தெரிந்தால், அடுத்த தேர்தலில் அது எப்படி எப்படிப் பேசப்படும் என்பதை நாம் எல்லாரும் அறிவோம்.

இங்கே ஒரு பழைய சங்கதி. பிரசங்கிகளின் பிரபு என்று பேர்பெற்ற ஸ்பர்ஜன் ஐயர் சுருட்டுப் பிடிக்கிறவர். 1874இல் லண்டனில் அவருடைய ஆலயத்திலேயே அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு போதகர் புகைப்பதை விட்ட தம் அனுபவத்தைச் சொல்லிப் பேச, ஸ்பர்ஜன் எழுந்து, தாம் அதைப் பாவமாய் எண்ணவில்லையென்றும், அன்றிரவு தேவ மகிமைக்காகவே ஒரு சுருட்டுப் பிடிப்பாரென்றும் சொல்லிவிட்டார். பத்திரிகைகள் அதை விடவில்லை. புகை நுரையீரலுக்குச் செய்கிறது இன்னதென்று அக்காலத்தில் ஒருவருக்கும் தெரியாது. இன்று நமக்குத் தெரியும், ஆகவே அவர் சொன்னதை நாம் சொல்லக்கூடாது. ஆனாலும், சுருட்டுப் பிடித்த ஸ்பர்ஜனுடைய பிரசங்கப் புத்தகத்தை அலமாரியில் வைத்துக்கொண்டு, பீடி குடித்த கொத்தனாரை இராப்போஜனப் பந்தியில் ஒருமாதிரியாய்ப் பார்க்கிறது எங்களுக்கு விளங்குகிறதில்லை.

கொத்தனாரிடம் திரும்புவோம். மூன்று பேரிடம்மாத்திரம் சொல்லும்படி கேட்டுக்கொண்டோம்: மனைவி, மனைவியின் தம்பி, அவருடைய சபை ஐயர். மச்சானிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. ஐயரிடம் சொல்ல ஒன்பது நாள். ஐயர் வயதில் இளையவர். கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, நான் தினமும் காலைல ஆறு மணிக்கு உங்களுக்கு போன் பண்றேன்" என்றார். முதல் பீடியின் வேளை அதுதான் என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். அந்த ஐயரின் ஞானத்தை மெச்சுகிறோம்.

மருத்துவ உதவியைக் குறித்துச் சபைகளில் ஒரு தயக்கம் உண்டு. விசுவாசத்தினால் விடவேண்டியதை மாத்திரையினால் விடுவதா என்று கேட்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு வேதம் வாசிக்கிறவர்கள் கேட்கிற கேள்வி இது. நிகோட்டின் சூயிங்கம், உடம்பில் ஒட்டும் நிகோட்டின் பட்டை, புப்ரோப்பியான், வரெனிக்ளின் ஆகிய மருந்துகள் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கின்றன. சூயிங்கம் 2 மில்லிகிராம் அளவில் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும். ஆனால் அதைச் சாதாரண சூயிங்கம்போல் சவைத்துக்கொண்டே இருந்தால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் வரும். நாலைந்துமுறை மெதுவாய் மென்று, காரம் தெரிந்தவுடனே கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்கவேண்டும். காரம் அடங்கினபின் மறுபடியும் மெல்லவேண்டும். காபி, டீ குடித்து 15 நிமிஷத்துக்குள் போட்டால் மருந்து ஏறாது. இதை யாரும் சொல்லிக்கொடாததினால், "அதெல்லாம் போட்டுப் பார்த்தாச்சு, வேலைக்கு ஆகாது" என்று கைவிட்டவர்கள் ஏராளம். நம் கொத்தனாருக்கு அது கொடுக்கப்படவில்லை. பர்கர் நோயில் நிகோட்டின் எந்த உருவில் போனாலும் ஆகாது என்று மருத்துவர் கருதி, புப்ரோப்பியான் மாத்திரை எழுதினார். அதை விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்னாகவே தொடங்கவேண்டும். வலிப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. ஆகவே இவைகளை மருத்துவரிடம் கேட்டே செய்யவேண்டும், பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடக்கூடாது. இ-சிகரெட்டுக்கு மாறலாமா என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். 2019இல் அதை நம் தேசம் சட்டத்தினால் தடைசெய்துவிட்டது. வெற்றிலையோடு புகையிலைக்கு மாறுகிறது விடுகிறதே அல்ல; புற்றுநோயை நெஞ்சிலிருந்து வாய்க்கு மாற்றுகிறதுதான்.

விட்ட முதல் மூன்று நாள் மிகவும் கடினம். அந்த வாரம் முழுவதும் கோபம் வரும், தூக்கம் வராது, கை எதையோ தேடும், வேலையில் மனம் நிற்காது. இரண்டு முதல் நாலு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிப்போகும். இருமல் சிலருக்கு முன்னிலும் கூடும். நுரையீரல் தன்னைக் கூட்டிப் பெருக்குகிறது என்று அறிந்து பயப்படாதிருக்கவேண்டும். வெட்கப்பட்டு ஒருவரும் வெளியே சொல்லாத இன்னொரு தொல்லை, மலச்சிக்கல். "பீடி குடிச்சாத்தான் காலைல வெளிக்குப் போகுது" என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் தொடங்கினவர்களை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். இது கற்பனையல்ல, நிகோட்டின் குடலையும் தூண்டிக்கொண்டிருந்தது. எழுந்தவுடனே இரண்டு டம்ளர் வெந்நீர், கீரை, வாழைப்பழம், கொஞ்சம் நடை, இரண்டு வாரப் பொறுமை. ஒரு மனிதனின் விடுதலை வாழைப்பழத்தில் தங்கியிருக்கலாம் என்று இறையியல் கல்லூரியில் எங்களுக்கு ஒருவரும் போதிக்கவில்லை.

இச்சை வருகிறது அலையைப்போல. எழும்பும், உச்சிக்கு வரும், இறங்கும்; பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில் பக்கத்தில் ஒருவர் இருக்கிறாரா என்பதே காரியம். தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாய்க் குடிக்கலாம், மூச்சை ஆழமாய் இழுத்து விடலாம், எழுந்து அங்கிருந்து போய்விடலாம், போன் பண்ணலாம். டீக்கடை பெஞ்சுதான் பெரிய சோதனை. டீயும் பீடியும் இருபது வருஷம் ஒன்றாய்ப் போனவை. ஒன்றை விட்டால் மற்றது கூப்பிடும். முதல் மாதம் டீயை வீட்டிலே குடிக்கட்டும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை, முக்கியமாய்ச் சகோதரிகளுக்கு. இத்தனை வருஷம் அவருடைய இருமலைக் கேட்டு, கெஞ்சி, அழுது, உபவாசம் இருந்து ஓய்ந்துபோனவர்கள் நீங்கள். அவர் விட்ட வாரத்தில் வருகிற கோபத்தையும் நீங்களே தாங்கவேண்டியிருக்கிறது. அது நியாயம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அது நிகோட்டினின் கோபம், மூன்று வாரத்தின் கோபம். அதை மீறிக் கை நீட்டினால் அது வேறு காரியம், அதைப் பொறுக்கவேண்டியதில்லை. சட்டைப் பையைச் சோதிக்கிறதும், வாயை முகர்ந்து பார்க்கிறதும் உதவுகிறதில்லை. ஒளிக்கிற கலையை இன்னும் நன்றாய்க் கற்றுக்கொடுக்கும். "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டு, குடித்தேன் என்று சொன்னாலும் சொல்லவிடுங்கள்.

ஆனால் எங்களிடத்தில் விடையில்லாத ஒரு காரியத்தையும் சொல்லாமல் விடமுடியாது. கொத்தனாரின் மனைவி பீடி சுற்றுகிறவர். திண்ணையில் தட்டு, தட்டில் வெட்டின இலை, தூள், நூல், முடிந்த கட்டுகள். அவர் விட முயன்ற வீடு அது. கணவர் தட்டிலிருந்து எடுத்த பீடிகளை இராத்திரி கூடுதலாய்ச் சுற்றி அவரே ஈடுகட்டி, கடையில் எண்ணிக்கை குறையாமல் கொடுத்துவந்தார். தூள் அவருடைய மூச்சிலும், பக்கத்தில் தூங்குகிற பிள்ளையின் மூச்சிலும் போகிறது. தட்டைத் தூக்கி எறியம்மா என்று நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. அந்தத் தட்டுதான் மூத்த மகளை நர்ஸிங் படிக்க வைத்தது. கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் அடுப்பு எரிந்ததும் அதனால்தான். நம் சபைகளில் இப்படிப்பட்ட தாய்மார் ஒருவர் இருவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கொடுக்கிற காணிக்கையிலும் அந்தத் தூளின் வாசனை இருக்கிறது. தையல், ஆடு, மாவு அரைத்தல் என்று வேறு தொழில் ஏற்பாடு பண்ணாமல் பீடியைக் கண்டித்துப் பேசுகிறவர்கள் யாரைக் கண்டிக்கிறார்கள் என்று யோசிக்கட்டும். அவர்கள் செய்தது இவ்வளவுதான்: மச்சான் ஒரு மரப்பெட்டி செய்து கொடுத்தார், மாலையில் அவர் வருமுன் தட்டும் கட்டும் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்படும். சாவி மாமியாரின் முந்தானையில்.

ஐந்தாம் நாள் அவர் ஒன்று குடித்துவிட்டார். ஆறு மணிக்கு போன் வந்தபோது ஐயரிடம் தாமே சொன்னார். இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று பார்க்கிறீர்களா? பதினைந்து வருஷம் ஒளித்தவர், ஒரு பீடியைப் பதினைந்து மணி நேரம்கூட ஒளிக்கவில்லை. சறுக்கினவன் விழுந்தவனல்ல. நன்றாய் நிலைத்தவர்களில் அநேகர் பலமுறை முயன்றுதான் நிலைத்தார்கள். ஒவ்வொரு முறையும் எந்த வேளையில், யாரோடு இருக்கையில் சறுக்கினோம் என்று கற்றுக்கொண்டார்கள். அவர் சறுக்கினது சம்பளக் கணக்குத் தீர்க்கப் போன இடத்தில். அடுத்த வாரம் அந்தக் கணக்குக்கு மச்சான் போனார்.

அவருடைய இடது கால் இப்போது முழுமையாய் இருக்கிறது. வலது காலில் மூன்று விரல்கள். சாரத்தில் ஏற முடியாது. கீழே நின்று செய்யக்கூடிய பூச்சு வேலைக்குப் போகிறார், கூலி முன்னிலும் குறைவு. காணிக்கைப் பை எடுக்கிறார்.

நெஞ்சு நோய் வார்டைக் குறித்தும் சுருக்கமாய்ச் சொல்லவேண்டும். சென்னையிலும் விழுப்புரம் கிராமங்களிலும் மரித்த ஏறக்குறைய 43,000 ஆண்களின் பழக்கங்களை விசாரித்து, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டு, மருத்துவர் கஜலட்சுமியும் உடன் ஆராய்ந்தவர்களும் 2003இல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார்கள். புகைக்கிறவர் காசநோயால் மரிப்பது, புகைக்காதவரைவிட ஏறக்குறைய நாலு மடங்கு. இந்தியாவில் காசநோயால் மரிக்கிற ஆண்களில் பாதிப் பேருடைய மரணத்துக்குப் புகைப்பதே காரணம் என்றும் கண்டார்கள். ஆறு மாத மாத்திரைக்கு நாம் கொடுக்கிற கவனத்தில் கொஞ்சமாவது பீடிக்குக் கொடுக்கவேண்டாமா? இப்போது எங்கள் வார்டில் இருமிக்கொண்டிருக்கிறவர்களின் உறவினர்களே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று புகைக்கிறார்கள். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் தடை இருக்கிறது. அறிவிப்புப் பலகையும் இருக்கிறது. அந்தப் பலகையில் சாய்ந்துகொண்டுதான் நிற்கிறார்கள்.

"அறுபது வயசாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?" என்று கேட்கிற பெரியவர்களுக்கும் விடை உண்டு. ரிச்சர்ட் டால் என்ற ஆங்கிலேய மருத்துவர் தாமே புகைத்தவர்; நுரையீரல் புற்றுநோயைக் குறித்துத் தாம் செய்த ஆராய்ச்சியின் முடிவைக் கண்டு விட்டுவிட்டார். அவரும் துணைவர்களும் 1951 முதல் பிரிட்டிஷ் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்து, ஐம்பது வருஷத்துக் கணக்கை 2004இல் வெளியிட்டார்கள். விடாமல் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரி 10 வருஷம் முந்தி மரித்தார்கள். 30 வயதில் விட்டவர் அந்தப் பத்தையும், 40இல் விட்டவர் 9, 50இல் விட்டவர் 6, 60இல் விட்டவரும் 3 வருஷத்தை மீட்டுக்கொண்டார்கள். மூன்று வருஷம் என்பது ஒரு பேரப்பிள்ளை பேசத் தொடங்குகிற காலம். இருதயத்துக்கோ அவ்வளவு காத்திருக்கவும் வேண்டாம்; விட்ட ஒரே வருஷத்தில் புகையினால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது.

சபைக்கு வெளியேயும் உதவி உண்டு. 2018 முதல் பீடி, சிகரெட் கட்டுகளின்மேலேயே 1800-11-2356 என்ற இலவச எண் அச்சிடப்பட்டிருக்கிறது. அழைத்தால் ஆலோசகர் பேசுவார், விடும் நாளைக் குறிக்க உதவுவார், பின்பு அவர்களே திரும்ப அழைத்து விசாரிப்பார்கள். தென்னிந்திய மொழிகளில் பேசும்படி பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இதற்கு மையம் உண்டு. சபையில் ஒருவருக்கும் சொல்ல இன்னும் துணிவில்லாதவர், முகம் தெரியாத அந்தக் குரலிடத்தில் முதலாவது சொல்லிப் பார்க்கட்டும். எங்களிடத்தில் வருகிறவர்களும் விட்டபின்பு வரவேண்டியதில்லை. பையில் கட்டோடு வரலாம்.

வேதபாட வகுப்பிலோ ஆண்கள் ஐக்கியத்திலோ இந்தப் பாடத்தை எடுக்கிறவர்கள் கீழ்க்கண்டவைகளை ஒருமித்துப் பேசும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். லாசருவின் சீலைகளை அவிழ்த்தவர்களுக்கு அருவருப்பு இருந்திருக்குமா? பெதஸ்தாவில் கிடந்தவனைத் தினமும் தாண்டிப் போனவர்கள் யார் யார்? பீடி சுற்றிப் பிழைக்கிற நம் சபைத் தாய்மாருக்கு வேறு வருமானத்துக்காக இந்த வருஷத்துச் சபை வரவு செலவில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம்? நம் சபையில் ஒருவர், "நேற்று மறுபடியும் குடித்துவிட்டேன்" என்று சொல்லவேண்டுமானால் யாரிடத்தில் போய்ச் சொல்லுவார்? பொதுவாய்ச் சொல்லாமல், அந்த ஆளின் பேரைச் சொல்லுங்கள்.